கற்பூரம் அணையும் வரை

வாங்க மாப்ள, வாங்க. செருப்ப வெளியவே உட்டுருங்க. வண்டி நிக்கற செட்டுக்குள்ள செருப்போட வரக்கூடாதுங்கறது என்ற அண்ணன் போட்ட சட்டம். அவன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருசமாச்சு, நான் மாத்தல. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். பெங்களூருல இருந்து வந்த மெக்கானிக் அதுல இருந்துதான் உளுந்தான். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல.

தாரணி நேத்து போன் பண்ணுனா. "சித்தப்பா, அவரு வந்து ஒருக்கா வண்டியப் பாக்கட்டும்"னா. அவரு! இன்னும் தாலி ஏறல, ஞாயித்துக்கெழமதான் கல்யாணம், அதுக்குள்ள அவரு வந்து பாக்கணுமாம். தப்பா நெனச்சுக்காதீங்க. மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதைய நான் கொறைக்க மாட்டேன். பொண்ணோட அப்பன் எடத்துல நின்னு எல்லாம் செய்யப்போறதே நான்தானுங்க. உள்ள போனா பலகாரம் இருக்குது, காப்பி இருக்குது. ஆனா நீங்க வந்ததும் வராததுமா பேண்ட்ட மடிச்சு உட்டுட்டு பானட்டத் தொறக்கறீங்க.

தொறங்க, தொறங்க. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

மெதுவா. அது ஜெர்மன்காரன் போட்ட கீலு, ஐம்பது வருசமாச்சு. இது என்னங்க கையில, ஸ்கேனரா? எங்க கொண்டுபோய்ச் சொருகுவீங்க? இந்த வண்டி பொறந்தப்ப உங்கப்பாவுக்கே மீச மொளைச்சிருக்காது. இஞ்செக்சன் வண்டின்னு சொன்னதும் கம்ப்யூட்டர்ல பாத்துடலாம்னு வந்துட்டீங்களாக்கும். மெட்ராஸ்ல ஏதோ இஞ்சின் கம்பெனியில டிசைன் பண்றீங்களாமா? நல்லது. பெங்களூர்க்காரனும் இப்படித்தான் பெரிய பொட்டியோட வந்தான்.

வெவரமாச் சொல்லிடறேன், பொறவு சித்தப்பா மறைச்சுட்டாருன்னு பேச்சு வரக்கூடாது. என்ற அண்ணன் நாச்சிமுத்து இத வால்பாறையில ஒரு எஸ்டேட்காரர்கிட்ட வாங்குனான். ரெண்டே சீட்டு, ஆறு சிலிண்டர். கோயமுத்தூருக்குள்ள அப்படி ஒரு வண்டி கெடையாது. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கறப்ப, சாகறதுக்கு முன்னாடி, தாரணி கையப் புடிச்சுட்டு சொன்னான். "உன்ற கல்யாணத்தன்னிக்கு வண்டி உனக்குக் கண்ணு. அதுவரைக்கும் சித்தப்பன் பாத்துக்குவான்." நான் கட்டிலுக்கு இந்தப்பக்கம் நின்னுட்டு இருந்தேன். பாத்துக்குவயாடான்னு ஒரு வார்த்த என்னைக் கேக்கல. அவன் எப்பவும் கேட்டவன் இல்ல.

அதனால தாரணி புடிச்ச புடியில நிக்கறா. கோயில்ல தாலி கட்டி முடிச்சு மண்டபத்துக்கு அப்பா வண்டியிலதான் வருவேங்கறா. பொறவு அப்படியே மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போயிருவீங்களாமா. போங்க. ஓடுனா எடுத்துட்டுப் போங்க. நான் குறுக்க உளுந்து மறிக்கப் போறனா? ஓடலையேங்க!

என்ன? வாசல்ல இருக்கற மண்ணா? அது பக்கத்துல எங்க பவுண்டரியில வார்ப்புக்கு அச்சுப் போடற மண்ணுங்க. நேத்துதான் லோடு கொட்டுனாங்க. கேட்டு முன்னாடி கொட்டாம வேற எங்க கொட்டறது? ஆளு வந்து அள்ளுவான். கல்யாண வேலையில எவன் இருக்கறான் அள்ளறதுக்கு?

சரி, கேளுங்க. ஸ்டார்ட் ஆகறதுக்கு இழுத்துட்டே கெடக்குது. ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங் அடிக்குது. பின்னாடி கரும்பொகை. சைலன்சருல கைய வெச்சா கை கரியாகுது. ஆறு சிலிண்டருல நாலு வேலை செய்யுது, ரெண்டு தூங்குது, எந்த ரெண்டுன்னு அதுக்கே தெரியாது. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, அண்ணன் போன மூணாம் மாசமே ஆரம்பிச்சது.

மொதல்ல உக்கடம் மெக்கானிக் ஆரோக்கியத்தக் கூட்டிட்டு வந்தேன். அண்ணன் இருக்கறப்பவே பாத்தவன். பெட்ரோல் பீச்சற ஆறு இஞ்செக்டரையும் கழட்டிக் கழுவி மாட்டுனான், ப்ளக்கு மாத்துனான். நல்லா ஓடுச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. வீணை மாதிரி ஓடுச்சு. ரெண்டு வாரம். பொறவு பழைய குருடி கதவத் தொறடிதான். திருப்பிக் கூப்புட்டா, "சின்னவரே, வண்டிய ரோட்டுல எடுத்துட்டுப் போனீங்களா?"ங்கறான். நான் கேக்கறது ஒண்ணு, அவன் சொல்றது ஒண்ணு. வேலையில திருட்டுத்தனம் பண்ணிட்டு என்னையக் கேள்வி கேக்கறான். இனி இந்த வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்.

பொறவு பெங்களூர்க்காரன். சீட்டுக்கடியில ஒரு தகரப்பொட்டி இருக்குது பாருங்க, அதுதான் இஞ்சினுக்கு மூளையாம். மூளை கெட்டுப்போச்சுன்னு வேற மூளை கொண்டாந்து வெச்சான், ப்ளக்கும் மாத்துனான். அப்பவும் ஓடுச்சு. ஒரு மாசம்கூட முழுசா ஓடல. மூணாவதா ஒருத்தன் வந்தான், அவன் பேரக்கூட நான் சொல்ல மாட்டேன். இஞ்செக்சனையெல்லாம் புடுங்கி எறிஞ்சுட்டு கார்புரேட்டர் வெச்சுரலாங்க, நம்மூருக்கு அதுதான் லாயக்குன்னான். நாயக் கூப்புட்டு உட்டேன்.

வாட்ச்மேன் மாரப்பனையும் நிறுத்திட்டேன். டேங்குல பெட்ரோல உறிஞ்சிட்டு மண்ணெண்ணெய் ஊத்தறான்னு எனக்கு ஒரு சந்தேகம். பாத்தீங்களான்னு கேக்காதீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியும். என்ற அண்ணி மேலயும் சந்தேகம்தான், உங்க மாமியாரு, கோவிச்சுக்காதீங்க. அவிய இந்த செட்டுப் பக்கம் வந்தாவே வண்டி இருமுது. வந்து பாத்து ஒரு பெருமூச்சு உடுவாங்க. அந்தப் பெருமூச்சுல மாமரமே பட்டுப்போகும், வண்டி எந்த மூலைக்கு?

எல்லாரும் சேர்ந்து கெடுத்தானுங்க மாப்ள. நான் ஒருத்தன்தான் பாத்துக்கறேன்.

ஓஹோ, ப்ளக்கக் கழட்டிட்டீங்களா? காட்டுங்க. கரி. எனக்குத் தெரிஞ்சதுதானே. ஆறுமே கரியா? சரி. அதுக்கு என்ன பண்றது? இப்ப என்ன, ஆயில் குச்சிய மோந்து பாக்கறீங்க? நாங்க ஊத்தறது நல்ல ஆயில்தானுங்க. பெட்ரோல் வாசம் அடிக்குதா? ஆயிலுல எப்படிங்க பெட்ரோல் வரும்? நான்தான் சொன்னேனே, மாரப்பன்!

கடைசியா எப்ப ரோட்டுல ஓடுச்சா? நீங்களும் ஆரோக்கியம் மாதிரியே கேக்கறீங்களே.

ஓடல. அண்ணன் போனதுக்கப்பறம் இது கேட்டத் தாண்டல. யாரு ஓட்டறது? எனக்கு லாரி ஓட்டத் தெரியும், டிராக்டர் ஓட்டுவேன். இத ஓட்டுனதில்ல. இருபத்தஞ்சு வருசத்துல ஒருக்கா, ஒரே ஒருக்கா, சாவிய எங்கையில குடுத்திருப்பானான்னு கேளுங்க. துடைக்கறதுக்குக் குடுத்திருக்கான். சாவியத் துடைக்கறதுக்கு!

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது இடதுபக்கம் ஸ்டீயரிங். பின்னாடி எழுதிக்கூட ஒட்டியிருக்கும். அவன் இந்தப்பக்கம் உக்காந்து ஓட்டுவான், நான் வலதுபக்கம் உக்காருவேன். நம்மூர்ல எல்லா வண்டியிலயும் ஓட்டறவன் உக்கார்ற பக்கம். அவினாசி ரோட்டுல போறப்ப சிக்னல்ல நின்னா, பக்கத்து பஸ்ஸுல இருக்கறவனெல்லாம் என்னைத்தான் பாப்பான். நான்தான் ஓட்டறேன்னு நெனச்சு வாயப் பொளப்பான். பொறவு எட்டிப் பாத்தா என்ற முன்னாடி ஸ்டீயரிங்கே இருக்காது. சும்மா மடியில கைய வெச்சுட்டு உக்காந்திருப்பேன். சிரிப்பானுங்க. ஒரு சின்னக் கொழந்த, அவங்கம்மாகிட்ட, "அந்த மாமா வண்டியில எல்லாமே புடுங்கிட்டாங்களாம்மா?"ன்னு கேட்டுச்சு. என்ற அண்ணன் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சான். வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னான். அண்ணியும் சிரிச்சாங்க. தாரணி அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தா, அவளும் சிரிச்சா.

பவுண்டரியில உலைக்கு முன்னாடி வெந்தவன் நானுங்க. பம்பு கேசிங் ஒவ்வொண்ணும் என்ற கை பட்டுத்தான் வெளிய போச்சு. அவன் வெள்ளச் சட்டை போட்டுட்டுப் பார்ட்டியப் பாக்கப் போவான். எனக்கு அறுவது தாண்டிருச்சு, இன்னமும் நான் சின்னவரு. பெரியவரு செத்துப் போனாக்கூட சின்னவரு சின்னவருதான் போல. எனக்கு அவன் மேல கோவமுங்க. செத்தவன் மேல கோவப்படக்கூடாதுன்னு சொல்லாதீங்க, உசுரோட இருந்தப்பவும் படவிடல, இப்பவும் கூடாதுன்னா எப்பத்தான் படறது?

என்ன கேக்கறீங்க? அப்ப இஞ்சினையே ஸ்டார்ட் பண்றதில்லையான்னா?

நல்லாக் கேட்டீங்க போங்க! ஒரு நாள் தவறுனதில்ல. சொந்தக்காரன் வீட்டு எழவுக்குப் போனாக்கூட பொழுது எறங்கறதுக்குள்ள திரும்பிருவேன். வெளக்கு வெக்கற நேரத்துல செட்டத் தொறந்து, கண்ணாடிய ஒரு துணியில தொடச்சு, பொட்டு வெச்சு, பூ வெச்சு, ஸ்டார்ட் பண்ணிருவேன். இஞ்சின் ஓடறப்பவே தட்டுல கற்பூரம் ஏத்திக் காட்டுவேன். கற்பூரம் அணைஞ்சதும் ஆஃப் பண்ணி, பூட்டிட்டு வந்துருவேன்.

ஏனுங்க இப்படித் துள்ளறீங்க? பானட்டுக்கு முன்னாடி தள்ளி நின்னுதான் காட்டுவேன். பெட்ரோலுக்குப் பக்கத்துல கற்பூரம் காட்டற அளவுக்கு நான் என்ன கிறுக்கனா? இத்தன நாளா ஒண்ணும் ஆகல.

எவ்வளவு நேரமா? கட்டிக் கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும்? அவ்வளவு நேரம். இஞ்சின் சூடாகற வரைக்கும் எதுக்குங்க ஓடணும், பெட்ரோல் என்ன வானத்துல இருந்தா கொட்டுது?

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. ஆறு இஞ்செக்டர் இல்லாம ஏழாவதா ஒண்ணு இருக்குது. சரி. இஞ்சின் குளுந்து கெடக்கறப்ப, சீக்கிரம் புடிக்கறதுக்காக அது தனியாப் பெட்ரோல் பீச்சும். சரி. அப்பறம் சூடேற வரைக்கும் மத்த ஆறும் அதிகமாவே ஊத்தும். சூடாகி ரோட்டுல ஓடுனாத்தான் அந்தப் பெட்ரோல் எரிஞ்சு தீரும், கரியும் போகும். சூடாகறதுக்குள்ள அணைச்சா ப்ளக்குல கரி படியும், மிச்சப் பெட்ரோல் ஆயிலுல எறங்கும். தெனமும் அப்படிப் பண்ணுனா, எத்தன தடவ புது ப்ளக்கு போட்டாலும்...

அப்படீன்னா என்ன சொல்ல வர்றீங்க?

சொல்லிருங்க மாப்ள. மென்னு முழுங்காதீங்க. வண்டியக் கெடுத்தது ஆரோக்கியம் இல்ல, மாரப்பன் இல்ல, பெங்களூர்க்காரன் இல்ல. பூப்போட்டுக் கற்பூரம் காட்டுனவன்தான் கெடுத்தான். அதானே?

நல்லாருக்குதுங்க. ரொம்ப நல்லாருக்குது. பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. சாமிக்குச் செய்யறதுல ஒரு வண்டி கெட்டுப் போச்சுன்னு இந்தக் கோயமுத்தூர்ல எவனாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஆயுத பூசைக்குச் சந்தனம் பூசாத வண்டி உண்டா?

போடுங்க, புது ப்ளக்கப் போடுங்க. கொண்டாந்தத வீணாக்க வேண்டாம். ஆயிலும் மாத்திருங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன். இந்த ஸ்டூல்ல எப்படி உக்காரணும்னு எனக்குத் தெரியும்.

நீங்க வேலையப் பாருங்க, நான் சும்மா சொல்லிட்டு இருக்கறேன். அண்ணன் வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் வருவான். ரோட்டு முக்குல திரும்பறப்பவே சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் வேற எந்த வண்டிக்கும் வராது. பவுண்டரியில பசங்க பீடியக் கீழ போட்டு மிதிப்பானுங்க. பெரியவரு வந்துட்டாரு, பெரியவரு வந்துட்டாருன்னு கையும் காலும் ஓடாது. நான் காலையில இருந்து அங்கயே நிக்கறவன், என்னையப் பாத்து ஒருத்தன் பீடியக் கீழ போட்டதில்ல. இருபத்தஞ்சு வருசம் அந்தச் சத்தம் கேக்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. இன்னைக்காவது வராம இருக்கமாட்டானான்னு நெனச்சிருக்கறேன்.

ஆஸ்பத்திரியில இருந்த வரைக்கும் எப்படியும் திரும்பி வரும்னு இருந்தேன்; அவன் போன அன்னிக்கு சாயங்காலமும் சத்தம் வரல. மக்யாநாளும் வரல. எனக்குச் சோறு எறங்கலீங்க. நாலாம் நாள் வந்து நானே செட்டத் தொறந்தேன். சாவியப் போட்டுத் திருப்புனேன். அப்பத்தான் சாப்புட்டேன்.

இப்பவும் அந்தச் சத்தம் கேட்டா பவுண்டரியில பீடியக் கீழ போடறானுங்க. போய்ப் பாருங்க வேணும்னா.

ஆச்சா? முடுக்கிட்டீங்களா? ஸ்டார்ட் பண்ணுங்க பாக்கலாம்... ம். ம். புடிச்சுருச்சு. ஒரே இழுப்புல. பொகையில்ல. ஆறும் பேசுது. கேட்டுட்டே இருக்கலாம் போல இருக்குது. சூடாகற வரைக்கும் உடணும்ங்கறீங்க, உடுங்க, உங்க ஆசைக்கு உடுங்க. அண்ணிகூட சன்னல்ல எட்டிப் பாக்கறாங்க. அழுகறாங்களா சிரிக்கறாங்களான்னு தெரியல. அவிய மூஞ்சியே அப்படித்தான்.

அணைச்சுட்டீங்களா? சரி, இப்பக் கை கழுவிட்டு வாங்க, காப்பி ஆறிருச்சு, வேற போடச் சொல்றேன்... என்னங்க? இன்னும் ரோட்டுல ஓட்டணுமா? அவினாசி ரோட்டுல ஒரு மணி நேரமா? மண்ணு கெடக்குதேங்க. நாளைக்குக் காலைல நீங்களே நாலு ஆளோட வந்து அள்ளறீங்களா? மாப்பிள்ளை மண்ணள்ளுனாருன்னு ஊரு சிரிக்கும். சரி, உங்க இஷ்டம். அதுவரைக்கும் யாரும் வண்டியத் தொடக்கூடாதா. நான் தொடக்கூடாதுன்னு சொல்லுங்களேன். இங்க வேற யாரு இருக்கறா?

சாவி எங்க?

மாப்ள, சாவி எங்க? வண்டியில இல்ல.

பாக்கெட்டுல போட்டுட்டீங்களா? பாருங்க, இதத்தான், இதையேதான் அவனும் பண்ணுவான். எறங்குனதும் சாவி பாக்கெட்டுக்குப் போயிரும். நீங்க அவனப் பாத்ததுகூட இல்ல, எப்படி அதே மாதிரிப் பண்றீங்க? ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க இந்த வீட்டுக்கு ஒரம்பரைதான், விருந்தாளிதான். ஒரம்பரை வந்த வீட்டுச் சாவியப் பாக்கெட்டுல போடறதில்ல. குடுங்க.

ஒரு பெரிய மனுசன் கைய நீட்டிட்டு நிக்கறேன் மாப்ள.

ம். நல்ல பையன்.

வெளக்கு வெக்கற நேரமாச்சு. தள்ளி நில்லுங்க. அந்தப் பூவ எடுங்க. இல்லைன்னா வேண்டாம், நீங்க தொடவேண்டாம், கையெல்லாம் ஆயிலு. கவலப்படாதீங்க, நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது, நான் ஒண்ணும் காது கேக்காதவன் இல்ல. ரொம்ப நேரம் ஓடணும், அதானே? உங்களுக்காக இன்னைக்குப் பெரிய கட்டியா வெக்கறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படிங்க எறங்கி வருவான்?

அண்ணன் சீட்டு எனக்கு நல்லாப் பொருந்துது பாருங்க... கேட்டீங்களா? கேட்டீங்களா சத்தம்? எறங்கிக் கற்பூரத்த ஏத்திட்டேன், நீங்க பவுண்டரிப் பக்கம் பாருங்க. போட்டுட்டானுங்களா பீடிய? போட்டிருப்பானுங்க. வந்துட்டான். பெரியவரு வந்துட்டாரு.

ச்சே, காத்து. கற்பூரம் அணைஞ்சு போச்சு.

அணைஞ்சா அணைஞ்சதுதானுங்க, திருப்பி ஏத்துனா சகுனம் சரியில்ல. ஆஃப் பண்ணிட்டேன். இன்னைக்குப் பூசை முடிஞ்சுது. ஏன் அப்படி நிக்கறீங்க? மூஞ்சிய எதுக்குத் தொங்கப் போடறீங்க? வாங்க உள்ள, காப்பி குடிங்க. நாளைக்கு மண்ணள்ள வர்றப்ப ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. இழுத்துச்சுன்னா, மிஸ்ஸிங் அடிச்சுதுன்னா, இப்பவே சொல்லிட்டேன் மாப்ள, தாரணிகிட்ட நான் மறைக்க மாட்டேன். நாலாவதா ஒருத்தன் வந்து கெடுத்துட்டுப் போயிட்டான்னுதான் சொல்லுவேன்.